பொதிகைச் செடியும் ஒளிரும் செல்லும்: ரிப்போர்ட்டர் செல் லைன் - முழுமையான வழிகாட்டி

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் வழியெல்லாம் பச்சைதான். எது மருந்து என்பதுதான் கேள்வி. காணிப் பழங்குடியினர் காட்டித்தந்த ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ‘ஜீவனி’ மருந்து பிறந்தது. சொல்லித்தர ஆளில்லாத செடியைப் பற்றி செல்லிடம்தான் கேட்க வேண்டும். அது ஒளியால் பதில் சொல்லும்படி செய்துவைப்பதே ரிப்போர்ட்டர்.

முதலில் காகிதம்

களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் இலை கிள்ள வனத்துறை அனுமதி வேண்டும். 2002 பல்லுயிர்ச் சட்டமும் உண்டு. அதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. மரபணு திருத்திய செல்லை வளர்க்க, உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும்.

கேள்வியைக் குறுக்குங்கள்

‘புற்றுநோய்க்கு மருந்து’ என்பது கேள்வியே அல்ல. ‘ஆக்சிஜன் குறைந்தால் கூடும் ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தை எது குறைக்கும்?’ என்றால் செல்லிடம் கேட்கலாம். இதற்கு முன்மாதிரி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்ஸ் மரத்தில் கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மம் இருப்பதை 1972-இல் காட்டினார். கேம்ப்டோதெசின் வழிவந்த டோபோடீகன் மருந்து, 2002-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுமார் 2,000 சேர்மங்களை அலசியபோது ஹிஃப்-1 தடுப்பானாகவும் தேறியது. அந்த அலசலில் பயன்பட்டது, வெளியிலிருந்து செல்லுக்குள் நுழைத்த லூசிஃபெரேஸ் என்ற ஒளிதரும் நொதியின் மரபணு. அப்படி நுழைத்தது ஜீனோமில் எங்கே போய் உட்காரும், எத்தனை பிரதியாகும் என்பது நம் கையில் இல்லை. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் அந்தக் குறையைத் தீர்க்கிறது: செல்லின் சொந்த மரபணுவிலேயே ஒளிதரும் ஒட்டு வைக்கலாம்.

ஒட்டு வைப்பது

புதியவர்களுக்கு 11 அமினோ அமிலமே உள்ள ‘ஹைபிட்’ ஒட்டு போதும். டிஎன்ஏவை வெட்டும் கேஸ்9 புரதம், வழிகாட்டி ஆர்என்ஏ, ஒட்டைச் சுமக்கும் ஒற்றை இழை டிஎன்ஏ மூன்றையும் மின்துடிப்பு கொடுத்து செல்லுக்குள் செலுத்துங்கள். அளவெடுக்கும்போது செல்லை உடைத்து, ஜோடிப் புரதமான ‘எல்ஜிபிட்’டையும் வினைப்பொருளையும் சேர்த்தால் ஒளி வரும்.

பிறகு தட்டில் கிணற்றுக்கு ஒரு செல்லாகப் பிரித்து குளோன்களாக வளர்த்து, ஒட்டின் இரு முனைகளையும் பிசிஆர், சீக்வென்சிங் செய்து பாருங்கள். ஒளி வருகிறதே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு மூன்று குளோனையாவது உறைய வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளோனின் தனிக்குணம் மருந்தின் குணம்போல வேஷம் போடும். செல்லில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையும் மறக்கக் கூடாது.

தட்டில் இறங்குவது

384 கிணறு தட்டில் ஓரக் கிணறுகள் சீக்கிரம் வற்றும். அங்கே இலைச்சாறு விடாதீர்கள். எல்லாக் கிணற்றிலும் கரைப்பானான டிஎம்எஸ்ஓ ஒரே அளவு இருக்கட்டும். உச்ச ஒளிக்கும் அடிமட்ட ஒளிக்கும் உள்ள இடைவெளி, அவற்றின் சிதறலோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று சொல்வது இசட்-பிரைம். 0.5-க்கு மேல் வராமல் சாற்றைத் தொடாதீர்கள்.

பொய்ச்சாட்சியைப் பிடிப்பது

உண்மையான வேலை இங்கேதான். 2007-இல் பெயர்பெற்ற பிடிசி124 (அட்டலூரென்) என்ற மருந்து மின்மினி லூசிஃபெரேஸ் வழியாகக் கண்டறியப்பட்டது; அது அந்த நொதியிலேயே ஒட்டிக்கொண்டு ஒளியைக் கூட்டுகிறது என்று 2009-இல் வேறொரு குழு காட்டியது. தனிச் சேர்மத்துக்கே இந்தக் கதி என்றால், இலைச்சாற்றைக் கேட்கவே வேண்டாம். குளோரோபில்லும் ஃபிளேவனாய்டும் தாமே ஒளிர்வதால், பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டாக வைத்தால் சாற்றில் குழப்பம்தான். டேனின் புரதத்தையே பிடித்துக்கொள்ளும்.

ஹிஃப்புக்கு இன்னொரு வம்பு: குவெர்செட்டின் போன்றவை இரும்பைப் பிடித்து ஹிஃப் அளவை ஏற்றிவிடும். எனவே, இரும்பு வழியில் இன்னும் குழப்பம் சேராமலிருக்க, ஹிஃப்பைத் தூண்ட இரும்பைப் பிடிக்கும் டெஃபராக்சமினைவிட 1% ஆக்சிஜனே மேல் என்பேன்.

ஒளி குறைந்த ஒவ்வொரு சாற்றுக்கும் மூன்று கேள்வி. செல் செத்துவிட்டதா? வேறொரு நிலையான மரபணுவில் அதே ஹைபிட் வைத்த செல்லிலும் ஒளி குறைகிறதா? சாறு படாத செல்லை உடைத்த பிறகு சாற்றை ஊற்றினாலும் ஒளி மங்குகிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று வந்தால், ஒட்டில்லாத அசல் செல்லில் புரதத்தை நேரே அளக்கும் வெஸ்டர்ன் பிளாட் போடுங்கள். அதிலும் ஹிஃப் குறைந்தால்தான் சாற்றைப் பிரிக்க குரோமட்டோகிராஃபி நெடுவரிசையில் ஏற்றலாம். ஒவ்வொரு பின்னத்தையும் அதே தட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.