அடுத்த வண்டி எப்போது வரும்?

அன்புள்ள தம்பிக்கு,

டென்வர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். உன் கடிதத்தில் இருந்த கேள்விதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை. பாட்டரி ஸ்கூட்டரில் வரும் ஒரு பாட்டி போனில், "உங்கள் ஷட்டில் வேனில் லிஃப்ட் உண்டா?" என்று கேட்க, என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன் என்று எழுதியிருந்தாய். அதே மாதிரி ஸ்கூட்டரில்தான் உன் அக்காவான என் நடமாட்டம் முழுவதும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் இரவு 11 மணிக்கு இறங்கினேன். அறை பதிவு செய்தபோதே லிஃப்டைப் பற்றிக் கேட்டிருந்தேன். "இருக்கிறது, வாருங்கள்" என்றார்கள். வந்த வேனில் மூன்று படிகள்தான் இருந்தன. ஓட்டுநர் நல்ல மனிதர், தவித்துப் போனார். "எழுந்து ஏறிவிட முடியுமா?" என்றார். நான் தட்டுத் தடுமாறி ஏறினாலும் ஸ்கூட்டரை யார் தூக்குவது? என்னோடு நின்றவர்கள் போனார்கள். அடுத்த நடையில் வந்தவர்களும் போனார்கள். எனக்கு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்தக் குளிரைவிட, போனில் கேட்ட "இருக்கிறது" என்ற சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஓட்டல் ஷட்டிலுக்கும் பொருந்தும், காசு வாங்காமல் ஓட்டினாலும். குறித்த தடத்தில் ஓட்ட, ஓட்டுநரோடு சேர்த்து 16 பேருக்கு மேல் உட்காரும் வண்டியைப் புதிதாக வாங்கினால் லிஃப்டோ சாய்தளமோ இருந்தாக வேண்டும். கூப்பிட்டால் வரும் சின்ன வேனில் அது இல்லையென்றால், ஓட்டல் அதற்கு ஈடான சேவை தர வேண்டும். இந்த 'ஈடான' என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள். டாக்சி நம்பரை எழுதிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மற்றவர்களுக்கு 15 நிமிடத்தில் வண்டி வந்தால் அந்தப் பாட்டிக்கும் அதையொட்டியே வர வேண்டும். அவர்களுக்கு இலவசமென்றால் இவருக்கும் இலவசம். அவர்கள் வந்திறங்கியதும் கூப்பிட்டுக்கொள்ளலாம், இவர் மட்டும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றால் அது ஈடு ஆகாது.

ஸ்கூட்டர் சக்கர நாற்காலி ஆகாது என்று உன்னிடம் யாராவது வாதாடலாம். மூன்றோ அதற்கு மேலோ சக்கரங்களோடு, வீட்டுக்குள்ளும் ஓட்டும்படி, நடக்கச் சிரமப்படுவோருக்காகச் செய்த எதுவும் போக்குவரத்து விதிப்படி சக்கர நாற்காலிதான். முன்பு 30 அங்குல அகலம், 48 அங்குல நீளம், ஆளோடு சேர்த்து 600 பவுண்டு என்று ஒரு வரையறை இருந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் தாங்கி, வண்டிக்குள் இடமும் இருந்தால் ஏற்றத்தான் வேண்டும்.

ஏற்றிய பிறகு கட்டுவதில் கவனம் வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள். ஸ்கூட்டரில் கொக்கி மாட்ட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். திருப்பும் கைப்பிடித் தண்டிலோ சக்கரத்திலோ மாட்டவே கூடாது. திடீரென்று பிரேக் பிடித்தால் தாங்காது. அடிச்சட்டத்தின் உறுதியான இரும்பைத் தேட வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து வேன் இருக்கைக்கு மாறிக்கொள்வது பாதுகாப்பு என்று ஓட்டுநர் எடுத்துச் சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. சரியாகக் கட்ட வரவில்லை என்று சொல்லி ஆளை விட்டுப் போகவும் கூடாது.

நீ இருக்கும் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோல்ஃபாக்ஸ் சாலையும் பிராட்வேயும் சந்திக்கும் மூலையில், 1978 ஜூலை 5ஆம் தேதி, 19 மாற்றுத்திறனாளிகள் நகரப் பேருந்துகளை மறித்தார்கள். லிஃப்ட் இல்லாத பேருந்துகளில் அவர்களால் ஏற முடியவில்லை. இரவு முழுவதும் நடுத்தெருவிலேயே கிடந்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் முதியோர் காப்பகத்துக்குள் முடங்கிக் கிடந்த இளைஞர்கள். விடுமுறை நாளில் அங்கே போய் நின்று பார்.

அதற்கு முன் ஒரு வேலை. இன்று ஷிஃப்ட் முடிந்ததும் வேன் நிற்கும் இடத்துக்குப் போ. லிஃப்ட் இருந்தால் ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லி ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த லிஃப்ட் வேண்டிய நேரத்தில் அசையாது. லிஃப்ட் இல்லையென்றால், லிஃப்ட் வண்டிக்கு ஓட்டல் யாரோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று மேலாளரிடம் கேள். ராத்திரி 11 மணிக்கு நீயே அவர்களைக் கூப்பிட்டு, வர எத்தனை நிமிடம் ஆகும் என்று விசாரித்து, ரிசப்ஷன் மேசையில் எழுதி ஒட்டு. பிறகு அந்தப் பாட்டிக்கு நீயே போன் செய்.

அன்புடன்,
உன் அக்கா