நாயும் நாமும் வயிற்றுப் புழுவும்

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மனும் கோட்டையும் நினைவுக்கு வருவது இயல்பு. துரத்தி வந்த வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து நின்று விரட்டிய மண்ணில்தான் அக்கோட்டை எழுந்தது என்னும் செவிவழிக் கதையையும் இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். அன்று முதல் இன்று வரை கரிசல் நாட்டு வாழ்வில் நாய்க்கு ஓர் இடம் உண்டு. கன்னி, சிப்பிப்பாறை என்னும் வேட்டை நாய்கள் இப்பகுதிக்கே உரியவை. ஆட்டுக்கிடைக்கும் களத்துமேட்டுக்கும் நாயே காவல்.

அண்மையில் ஒரு கிராமக் கூட்டத்தில் ஒரு தாய் தம் ஐயத்தை எழுப்பினார். அவருடைய குழந்தையின் மலத்தில் நாக்குப்பூச்சி விழுந்ததாம். 'நாயோடு விளையாடியதால் வந்தது' என்று அண்டை வீட்டார் கூறவே, வளர்த்த நாயைத் தொலைவிலே கொண்டு விட்டுவிட்டனர். சில திங்கள் கழித்துப் பூச்சி மீண்டும் வந்தது. "நாய்தான் போய்விட்டதே, பூச்சி எப்படி வந்தது?" என்பது அவர் வினா. நம் அனைவருக்கும் உரிய வினா இது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நாக்குப்பூச்சி எங்கிருந்து வந்தது?

குழந்தைகளின் குடலில் பெரிதும் காணப்படும் நாக்குப்பூச்சி மனிதருக்கு உரியது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டைகள் இடும். இவை மலத்துடன் வெளியேறி, மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்து, அழுக்குக் கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் மீண்டும் வாய்க்குள் செல்கின்றன. இரவில் அரிப்பு உண்டாக்கும் சிறு கீரைப்பூச்சியும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதே. ஆகவே அத்தாயின் வீட்டில் குற்றவாளி நாய் அன்று. ஓடையோரத்தையும் கருவேலங்காட்டையும் கழிப்பிடமாக்கும் நம் பழக்கமே குற்றவாளி.

நாயிடமிருந்து வருவன

அவ்வாறாயின் நாய் முற்றிலும் குற்றமற்றதா? அதுவும் இல்லை. நாயின் குடலிலும் உருளைப்புழு உண்டு. தாய் நாயிடமிருந்து கருவிலேயே குட்டிகளுக்கு இது தொற்றிவிடுகிறது. பால் வழியாகவும் தொற்றும். மூன்று வாரக் குட்டியும் முட்டைகளை வெளியேற்றத் தொடங்கும். இம்முட்டைகளைக் குழந்தை மண்ணோடு விழுங்கினால், புழு மனிதக் குடலில் வளர்ந்து முதிர்வதில்லை. அதன் இளம் புழுக்கள் ஈரல், நுரையீரல், சில வேளை கண்ணிலும் புகுந்து அலைந்து திரியும். கண்ணிற் புகுந்தால் பார்வையே கெடலாம். குழந்தைகளிடம் காணப்படும் இந்நோயை 1952-இல் அமெரிக்காவில் பீவர் முதலிய ஆய்வாளர் விளக்கினர். குடலில் முட்டையிடாத புழுவாதலின், குழந்தையின் மலத்தைச் சோதித்தால் இது புலப்படாது.

கொக்கிப்புழு ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும். நாயின் கொக்கிப்புழுக்களுட் சில, தோலுக்கடியில் நெளிந்து ஊர்ந்து அரிப்புத் தடம் உண்டாக்குவதோடு நின்றுவிடும். ஆனால் 1911-இல் இலங்கையில் புனுகுப் பூனையிடம் கண்டறியப்பட்ட ஓர் இனம், நாய், பூனை ஆகியவற்றிடமிருந்து வந்து மனிதக் குடலிலும் தங்கி வளர்ந்து இரத்தத்தை உறிஞ்சும். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது உண்டு. நாயிடமும் பூனையிடமும் காணும் ஒருவகை நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியைக் குழந்தை தவறி விழுங்குவதால் வரும். இதனால் பெருந்தீங்கு இல்லை.

கொடியது நீர்க்கட்டி

நாம் பெரிதும் அஞ்ச வேண்டியது வேறொன்று. நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு சிறு நாடாப்புழு வாழ்கிறது. நாய்க்கு அதனால் நோயொன்றும் தெரியாது. அதன் முட்டைகள் மலத்துடன் புல்லிலும் நீரிலும் கலக்கின்றன. நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. மேயும் ஆடு அவற்றை உட்கொண்டால், அதன் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் தோன்றும். மனிதன் உட்கொண்டாலும் அவ்வாறே. கட்டி பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. பலருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். இந்தியாவில் ஆந்திரமும் தமிழ்நாடும் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் பகுதிகள் என்பதை நாம் மறத்தலாகாது.

நாய்க்கு இப்புழு எவ்வாறு வருகிறது? நம் கையாலேயே வருகிறது. கோயில் கொடையிலும் வீட்டு விசேடங்களிலும் ஆடு அறுக்கும்போது, கட்டி விழுந்த ஈரலையும் நுரையீரலையும் 'ஆகாது' என்று காத்திருக்கும் நாய்க்கு எறிகிறோம். அதை உண்ட நாயின் குடலில் சில வாரத்தில் புழுக்கள் முதிர்கின்றன. பின்னர் அதே நாய் கிடையில் ஆட்டோடு படுக்கிறது. வீட்டில் குழந்தையின் கையை நக்குகிறது. கட்டியுள்ள ஈரலைத் தின்பதால் மனிதனுக்கு இந்நோய் வருவதில்லை. அதை நாய் தின்ற பின்னரே நம்மை வந்தடைகிறது.

ஐஸ்லாந்து தந்த பாடம்

நம்மைப் போலவே ஆடும் நாயும் நிறைந்த தீவு ஐஸ்லாந்து. ஒரு காலத்தில் இந்நோய் அங்கு மக்களை வாட்டியது. 1863-இல் டென்மார்க்கிலிருந்து சென்ற கிராபே என்னும் அறிஞர் 100 நாய்களை ஆராய்ந்து, 28 நாய்களிடம் இப்புழு இருக்கக் கண்டார். நோய் பரவும் வகையை எளிய நடையில் எழுதிய சிறு நூல் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. மக்கள் அதனைப் படித்து, கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கிடாமல் அழித்தனர். நாய்களுக்கு மருந்திடச் சட்டமும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் நோய் அத்தீவைவிட்டு நீங்கியது. நாய்களும் ஆடுகளும் இன்றும் அங்கு உள்ளன.

நாம் செய்யத்தக்கவை

1. அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடலாகாது. கட்டியுள்ளவற்றை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்தல் வேண்டும். அல்லது எரித்தல் வேண்டும். கொடை நடத்தும் பெரியோர் இதற்கென ஒரு குழியை முன்னரே வெட்டிவைத்தல் நலம்.

2. நாய்க்குட்டிக்குப் பிறந்த இரண்டாம் வாரம் முதல் எட்டு வாரம் வரை இரு வாரத்திற்கு ஒரு முறையும், பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன் பின் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் குடற்புழு மருந்து அளித்தல் வேண்டும். நாடாப்புழுவுக்கு உரிய மருந்து பிரசிகுவாண்டல். அளவைக் கால்நடை மருத்துவரே கூறுவார்.

3. முற்றத்தில் நாய் கழித்ததை அன்றன்றே அள்ளிப் புதைத்தல் வேண்டும். உருளைப்புழு முட்டை நோய் தரும் நிலையை அடைய இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் அகற்றிவிட்டால் அதனால் வரும் தீங்கு இல்லை.

4. நாயைத் தொட்ட பின்னரும், உண்ணுமுன்னரும் சோப்பிட்டுக் கை கழுவுதலையும், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் செருப்பணிதலையும் குழந்தைகளுக்குப் பழக்குவோமாக.

5. வீட்டுக் கழிப்பறையை வீட்டார் யாவரும் பயன்படுத்தல் வேண்டும். 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளோர்க்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வழங்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாது உட்கொள்ளச் செய்தல் வேண்டும்.

அத்தாய்க்கு நான் கூறிய விடையும் இதுவே: "அம்மா, நாயைத் திரும்ப அழைத்து வாருங்கள், ஆனால் கால்நடை மருந்தகத்தின் வழியாக அழைத்து வாருங்கள். வீட்டுக் கழிப்பறையின் கதவையும் திறந்து வையுங்கள்." இரவெல்லாம் விழித்திருந்து நம் கிடையைக் காக்கும் உயிரின் நலத்தை நாம் காத்தால், நம் குழந்தைகளின் நலத்தையும் காத்தவராவோம்.