கம்பளியும் கல்லூரி விடுதியும்



மழைக்காலம் நெருங்கும்போது கோடியக்கரைச் சதுப்பு நிலத்தில் கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவைகள் வந்து இறங்குகின்றன. ஒரு பறவையின் எடை பெரும்பாலும் 30 கிராமுக்கு மேல் இராது. வட துருவத்தை அடுத்த சைபீரியப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகின்றன. வந்ததும் அவை செய்யும் முதல் வேலை என்ன? சேற்றில் இரை எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதும், இளைப்பாறுவதும்தான்.

ஆனி, ஆடி மாதங்களில் அதே கோடியக்கரையிலிருந்து வேறொரு பயணம் தொடங்குகிறது. மேல்நிலைப் படிப்பை முடித்தவர்கள் பெட்டி படுக்கையுடன் தஞ்சை, திருச்சி, சென்னைக் கல்லூரி விடுதிகளுக்குப் புறப்படுகிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் புறப்படுவீர்கள். முதல் மாதம் கடினமாகவே இருக்கும். விடுதிச் சோறு தொண்டையில் இறங்காது. இரவில் உறக்கம் வராது. வகுப்பிலோ பாடம் ஓட்டமாக ஓடும். "எனக்கு அறிவு போதாதோ?" என்ற ஐயம் எழும். ஆண்டுதோறும் என் வகுப்புக்கு வரும் முதலாண்டு மாணவர்களின் முகத்தில் இந்த ஐயத்தைக் காண்கிறேன். இதற்கு விடையாக, நம் காவிரிக் கரையில் வளர்ந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜில் ஒரு படுக்கை

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச ராமானுஜன், 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார். ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். கும்பகோணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் உள்ளது. கேம்பிரிட்ஜ் 52 டிகிரியில் உள்ளது. நம் மார்கழிப் பனியைக் கடுங்குளிர் என்று எண்ணியவருக்கு அந்த ஊர்க் குளிர் எப்படி இருந்திருக்கும்!

அப்போது அங்கே வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ் பெற்ற மகலனோபிஸ். ஒரு நாள் அவர் ராமானுஜனின் அறைக்குச் சென்றார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாகவும் ராமானுஜன் சொன்னார். கம்பளிகள் போதுமானவைதாமா என்று பார்க்க மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்றார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன! அவற்றின் ஓரங்கள் மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அதன் மேல் ஒரு மெல்லிய விரிப்பு. ராமானுஜன் அந்த விரிப்புக்கும் கம்பளிகளுக்கும் இடையில் படுத்து வந்திருக்கிறார். கம்பளியை விலக்கி அதற்குள்ளே நுழைய வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் அதைச் செய்து காட்டினார்.

குளிர்ந்தது ஏன்?

இங்கே ஓர் இயற்பியல் பாடம் இருக்கிறது. கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பம் நம் உடலிலேயே பிறக்கிறது. அமைதியாக இருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் மின்விளக்குக்குச் சமமான வெப்பத்தை வெளிவிடுகிறது. கம்பளி இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்று ஓர் அரிதிற்கடத்தி. அது வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது.

ராமானுஜனுக்குக் கம்பளி கீழே இருந்தது. உடலின் பாரத்தால் அழுந்தி, இழைகளிடையே இருந்த காற்றில் ஒரு பகுதியை இழந்தது. மேலே இருந்த விரிப்போ மெல்லியது; காற்றை நிறுத்தி வைக்கும் தடிப்பு அதற்கில்லை. எனவே மேற்புறத்திலிருந்து வெப்பம் தொடர்ந்து வெளியேறியது.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள மூன்று குவளைகளில் சம அளவு வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை அப்படியே வையுங்கள். இரண்டாவதைக் கம்பளித் துணியால் முழுவதும் சுற்றி மூடுங்கள். மூன்றாவதை மடித்த கம்பளியின் மேல் வைத்து, மெல்லிய துணியால் மூடுங்கள். இதுதான் ராமானுஜனின் படுக்கை! ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை, அரை மணி நேரம், வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எந்தக் குவளை சூட்டை அதிகம் காத்தது? கம்பளி அதே அளவுதான். அது இருக்கும் இடம்தான் வேறு.

கும்பகோணத்தில் ஓர் இழப்பு

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததையும் அறிந்துகொள்ளுங்கள். 1904இல் ராமானுஜன் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டமின்றி வறுமையில் உழன்று, 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913இல் அவர் எழுதிய கடிதம் பேராசிரியர் ஹார்டியின் கைக்குக் கிடைத்திராவிட்டால் அவர் கதை வேறாக முடிந்திருக்கலாம். அத்தகைய வாய்ப்பை நம்பி நாம் பாடங்களைக் கைவிட முடியுமா? பிடித்த பாடத்திற்கு இரண்டு மணி கொடுங்கள். பிடிக்காத பாடத்திற்கு முதலில் அரை மணியாவது கொடுங்கள்.

கேட்ட பாடத்தை அன்று மாலையே திரும்பப் பாருங்கள். ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்டு, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே அசைகளை மீண்டும் கற்றபோது, முதலில் செய்த உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மிச்சமாயிற்று. பொருள் புரிந்து படித்தால் இவ்வளவு மறக்காது என்றாலும், கல்லூரியில் ஒரு வாரம் தள்ளிப்போட்ட பாடம் புதுப்பாடமாகவே ஆகிவிடும்.

உணவையும் உறக்கத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். ராமானுஜன் சைவ உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். 1914 ஆகஸ்டில் தொடங்கிய போரினால் பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. நேரங்காலமின்றி உழைத்தார். 1917இல் நோயுற்றார், 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில் மறைந்தார். நோயின் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் உடல் நலத்தைப் பின்னுக்குத் தள்ளும் படிப்பு நீடிக்காது என்பதில் ஐயமில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

எண்களின் இரகசியங்களைக் கண்டறிந்த மேதைக்குக் கட்டிலில் படுக்கும் முறை தெரியவில்லை. இதனால் அவர் அறிவு குறைந்தவராகிவிட்டாரா? இல்லை. புது ஊரின் வழக்கம் தெரியவில்லை, அவ்வளவுதான். அங்கேயே பிறந்தவர்களுக்கு அது சொல்லித்தர வேண்டிய செய்தியாகவே தோன்றியிராது.

உங்கள் விடுதியிலும் இத்தகைய கம்பளிகள் பல இருக்கும். நூலகத்தில் புத்தகம் எடுப்பது எப்படி, ஆய்வுக்கூடப் பதிவேட்டை எழுதுவது எப்படி, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் குறிப்பெடுப்பது எப்படி என்பவை எல்லாம் அவைதாம். "அண்ணே, இதை எப்படிச் செய்வது?" என்று மேல் வகுப்பு மாணவரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். மாணவியர் அக்காமார்களைக் கேட்கலாம். ஆசிரியரிடமும் தயங்காமல் வாருங்கள். அடுத்த ஆண்டு, புதிதாக வரும் தம்பி தங்கையர் கேட்பதற்கு முன்பே, நீங்களாகச் சென்று சொல்லிக் கொடுங்கள்.