முதிர்ந்த சங்கமும் புதிய அங்கத்தினரும்

காஞ்சிமாநகரின் புறத்தே, வேகவதி யாற்றின் கரைப்பாங்கில், திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உளது. ஜினகாஞ்சி என்பது அதன் பழம்பெயர். பல்லவர் காலத்திய சந்திரப்பிரபர் கோயிலும், திரைலோக்கியநாதர் கோயிலும் ஆண்டு அருகருகே நிற்கின்றன. பின்னதை உற்று நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். அஃது ஒரு காலத்தில் ஒருவரால் கட்டி முடிக்கப்பட்டதன்று. பல்லவர் தொடங்கினர், சோழர் பெருக்கினர், விஜயநகர அமைச்சராகிய இருகப்பர், புஷ்பசேன முனிவரின் விருப்பின்படி, 1387-ஆம் ஆண்டளவில் சங்கீத மண்டபத்தை எடுப்பித்தார், தீர்த்தங்கரர் வரலாறுகளை அம்மண்டபத்தின் விதானத்தில் வண்ணத்தால் தீட்டினவரோ அவர்க்கும் பிற்பட்டவர். புதியவர் புதியவராக வந்து தத்தம் பங்கைச் சேர்த்தமையாலன்றோ அக்கோயில் இன்றும் காண்பதற்கு உளதாயிற்று! ஆயினும், ஒரு காலத்தில் இவ்வூரில் விளங்கிய ஜைன மடம் பின்னர்ச் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூருக்குப் பெயர்ந்துபோயிற்று. கல் நின்றது, கூட்டம் சுருங்கிற்று.

இவ்வியாசத்தின் பொருள் கோயிலன்று, தொண்டுச் சங்கம். எனினும் இரண்டுக்கும் நோய் ஒன்றே. நம் நாட்டுச் சிறு நகரங்களிலுள்ள பொதுத்தொண்டுச் சங்கங்களிற் பலவற்றின் மாதக் கூட்டத்திற்கு ஒருமுறை சென்று பாருங்கள். நாற்காலிகள் நாற்பது, வந்திருப்பார் பன்னிருவர், அவருள் தலைநரையாதவர் ஒருவரோ இருவரோ. காரியதரிசி பதினைந்தாண்டாக அவரே. பொக்கிஷதாரரும் அவர்தம் மைத்துனரே. கண் சிகிச்சை முகாமும் இரத்ததான முகாமும் ஏழை மாணவர்க்குப் புத்தகம் வழங்குதலும் இவர்களாலேயே இத்துணைக் காலம் நடைபெற்று வந்தன என்பதை மறவற்க. இவர்களுக்குப்பின் யார் என்ற வினா எழும்பொழுது, “இக்காலத்து இளைஞர்க்குச் சேவை உணர்ச்சி ஏது?” என்ற பெருமூச்சே விடையாக வருகின்றது.

இவ்விடை பொருந்துமா? 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் முதல் நாட்களில் சென்னையையும் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் வெள்ளம் சூழ்ந்தகாலை, இடுப்பளவு நீரில் உணவுப் பொட்டலமும் பாலும் மருந்தும் சுமந்து சென்றவர் யாவர்? அவர்களிற் பெரும்பாலார் எச்சங்கத்தின் பட்டியலிலும் பெயரில்லாத இளைஞரே. மீனவர் தம் படகுகளோடு வந்தனர். முன்பின் அறியாதார் கைப்பேசி வாயிலாகவே ஒருவரையொருவர் அறிந்து குழுவாயினர். ஆகவே உணர்ச்சி இல்லையென்பது பழிச்சொல். ஆனால் நீர் வடிந்ததும் அக்குழுக்களிற் பலவும் உடன்வடிந்தன. கணக்கேடு இல்லை, அடுத்த கூட்டத்தின் நாள் இல்லை, இடிந்த குடிசைக்காரன் மூன்று திங்கள் கழித்து வந்து கேட்டால் விடையிறுக்க ஒருவர் இல்லை. கைகள் ஓரிடத்தும், நினைவும் ஒழுங்கும் வேறோரிடத்தும் கிடக்கின்றன. இவ்விரண்டும் கூடாமையே நம்முன் உள்ள நஷ்டம்.

அமெரிக்க அறிஞர் இராபர்ட் பட்னம் என்பார் அந்நாட்டுச் சங்கங்களின் தளர்ச்சியை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் நமக்கு வேண்டுவது இது: பழைய அங்கத்தினர் மனம் வெறுத்து விலகியதனாற் பல சங்கங்கள் மெலியவில்லை; அவர்கள் இறுதிவரை உண்மையாகவே உழைத்தனர்; அவர்களுக்குப்பின் வந்த தலைமுறையார் அவர்களளவு சேர்ந்திலர். இந்நோய் கொடிது, ஏனெனில் வெளிக்குத் தெரியாது. விலகுதல் உண்டாயின் அன்றே சண்டை தெரியும். சேராமை என்பதோ ஆண்டறிக்கையில் எவ்விடத்தும் எழுதப்படுவதில்லை. முப்பதாண்டு கழித்து நாற்காலிகளே அதனைக் கூறும்.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டுண்டு. கோபால கிருஷ்ண கோகலே 1905-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்பவர் ஐந்தாண்டு பயிற்சி பெறல்வேண்டும். தமக்கெனப் பொருளீட்டுதல் கூடாது. இக்கடுமையே அதன் பெருமை. அதுவே அதன் தடையுமாயிற்று என்பது என் கருத்து. 1869-ஆம் ஆண்டிற் பிறந்த மூவரை இங்கு நோக்குக. ஒருவர், திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், 1907-இல் சேர்ந்தார், 1915-இல் கோகலே மறைந்தபின் தலைவரானார். மற்றொருவர், பம்பாய் நகரசபையிற் பொறியாளராயிருந்த தக்கர் பாபா. 1914-இல் வேலையைத் துறந்து சேர்ந்தார். பிற்காலத்தில் ஹரிஜன சேவக சங்கத்தின் காரியதரிசியாய் விளங்கினார். மூன்றாமவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவினின்று மீண்ட அவர் 1915-இல் அச்சங்கத்தில் சேர விரும்பினார். அங்கத்தினர்க்குள் கருத்து வேற்றுமை யுண்டாயிற்று. அதனை யறிந்த காந்தியடிகள் தம் விண்ணப்பத்தைத் தாமே மீட்டுக்கொண்டு, அவ்வாண்டு மே மாதத்தில் ஆமதாபாத்தின் அருகே தமக்கென ஓர் ஆசிரமம் அமைத்தார். அவர் போக்கு வேறு, சங்கத்தின் போக்கு வேறு. அங்கத்தினர் அஞ்சியதிற் காரணம் இல்லாமலில்லை. ஆயினும், புதியவர் வாயிற்படியில் நிற்கும்பொழுது எழும் கேள்வி எத்துணைப் பெரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பின்னாளில் இருதயநாத் குன்ஸ்ரு என்னும் பெரியார் 1936-இல் அச்சங்கத்தின் தலைவராகித் தொண்ணூறு வயதில் 1978-இல் மறையும் வரை அப்பொறுப்பைச் சுமந்தார். அவர் தியாகத்தை வணங்குகிறோம். நாற்பதாண்டுக்கு மேல் ஒருவரே சுமக்க நேர்ந்த நிலைமையை எண்ணியும் பார்க்கிறோம்.

இன்னொன்றும் இவ்விடத்தில் தெளிவாகின்றது. சாஸ்திரியார் சேர்ந்தது முப்பத்தேழு வயதளவில். தக்கர் பாபா நாற்பத்து நான்கு வயதளவில். ‘புதிய அங்கத்தினர்’ என்றவுடன் இருபது வயதினரையே தேடியோடுவார் தம் அண்டைவீட்டிலுள்ள நாற்பது வயது ஆசிரியரைக் காண்பதில்லை. மக்கள் படித்து வெளியூர் சென்றபின் மாலைப்பொழுது வெறுமையாக உள்ள தந்தையர் தாயர் எத்தனை பேர்!

ரோட்டரி சங்கத்தின் வரலாறு இதற்கு எதிர்முகமாக நின்று நமக்குப் பாடமாகும். 1905-இல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் தொடங்கிய அச்சங்கம், தொழிலுக்கு ஒருவராக, அழைக்கப்பட்ட ஆடவரை மட்டுமே நெடுங்காலம் ஏற்றுவந்தது. சென்னையில் அதன் கிளை 1929-இல் தோன்றிற்று. பெண்களை ஏற்றல் பற்றி அமெரிக்க உச்சநீதிமன்றம்வரை வழக்கு நடந்து, 1987-இல் தீர்ப்பாகி, 1989-இல் சங்கம் தன் விதியையே மாற்றிற்று. இளைஞர்க்கென ‘ரோட்டராக்ட்’ என்னும் பிரிவு 1968-இல் ஏற்பட்டது. வாரந்தவறாது வருதல் வேண்டும் என்ற கடுவிதியை 2016-இல் தளர்த்தித் திங்களுக்கு இருமுறை கூடினும் போதும் என்றனர். இத்தனையும் செய்தும் உலகமுழுதும் அதன் அங்கத்தினர் தொகை இருபதாண்டாக ஏறத்தாழ 12 இலட்சத்திலேயே நிற்கின்றது. மேலைநாடுகளிற் குறைய, இந்தியாவிற் பெருகுகின்றது. நம் நாட்டில் இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்கும் பணியிற் சொட்டுமருந்து முகாந்தோறும் இச்சங்கத்தார் நின்றனர்; 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. கண்ணுக்குத் தெரியும் வேலை ஒன்று இருந்தால் ஆட்கள் தாமே வருவர் என்பதை யான் இதிலிருந்து கொள்கிறேன். விருந்துண்டு கலையும் சங்கத்திற்கு விருந்தினர் வருவர், தொண்டர் வாரார்.

நிற்க. காஞ்சிப் பக்கத்து நிலைமையை எடுத்துக்கொள்வோம். பட்டுத்தறியில் தந்தை இருக்க மகன் இருப்பது அருகிவருகின்றது. திருப்பெரும்பூதூர், ஒரகடம் முதலிய இடங்களின் தொழிற்சாலைகளுக்கு இளைஞர் பேருந்தேறிச் செல்கின்றனர். அவர்க்கு ஒரு வாரம் பகல்வேலை, ஒரு வாரம் இரவுவேலை. இவர்களை நோக்கி, “ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு வருக” என்று அழைப்பதனால் ஆவதென்ன? வேலை முறை மாறியபின்னும் கூட்டத்தின் நேரம் மாறாதிருந்தால், வராதவர் பேரிற் குற்றமில்லை. பெண்கள் நிலையோ இன்னும் இடர்ப்பாடுடையது: பாவு இழைப்பது, நூல் சுற்றுவது, அடுக்களை, பிள்ளைகள் எல்லாம் முடிந்தபின் அவர்க்கு எஞ்சுவது பிற்பகலில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்கேற்ற வேலையைச் சங்கம் வகுத்ததுண்டா?

காஞ்சி நெசவாளர், சேலையின் உடல் ஒரு நிறமும் முந்தானை வேறு நிறமுமாக வேண்டுமெனின், பழைய பாவிழை ஒவ்வொன்றோடும் புதிய பாவிழை ஒவ்வொன்றையும் கையாற் கோத்துப் பிணைப்பர். இழைகள் ஆயிரக்கணக்கில், மொத்தமாக முடிந்துவிடும் வழியில்லை. சங்கத்தில் ஆள் சேர்ப்பதும் அவ்வாறே என்று தோன்றுகின்றது. சுவரொட்டி ஒட்டியும், துண்டுப் பிரசுரம் வழங்கியும், ஒரே நாளில் ஐம்பது பெயரை எழுதி வாங்குவார் உளர். அடுத்த திங்கள் அவ்வைம்பதின்மரில் ஐவரும் வாரார். பழைய அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒருவரை, ஓராண்டில் ஒருவரை மட்டும், முதலில் வேலைக்கு அழைத்தல் நன்று. அங்கத்துவச் சந்தா பின்னர் ஆகட்டும். முகாம் நாளன்று மேசை போடவும் முதியோரைக் கைப்பிடித்து அழைத்துவரவும் வந்தவன், மூன்றாம் முறை வரும்பொழுது தானே, “என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா” என்பான்.

அவ்வாறு வந்தவனுக்குப் பொறுப்பும் தருதல்வேண்டும். நாற்காலி அடுக்கும் வேலையையே இரண்டாண்டு கொடுத்தால் எவன் நிற்பான்? கணக்கேட்டை அவன் கையிற் கொடுத்துப் பெரியவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பிழை வரலாம், பிழையைத் திருத்தப் பெரியவர் உயிரோடு இருக்கும் காலத்திலேயே வருவது மேல். இலண்டன் நகரத் துணிக்கடையொன்றிற் பணிசெய்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் 1844-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கியபொழுது அவர்க்கு வயது இருபத்திரண்டு, உடனிருந்தார் பதினொருவர். இன்று நம் சங்கங்களிற் பல, இருபத்திரண்டு வயதினனைத் துணைக்காரியதரிசியாக்கவும் தயங்கும்.

இனி, நம் கல்லூரிக்கு உரியதொன்று. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், காந்தியடிகளின் நூற்றாண்டுக் காலத்தில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்த மாணவன் ஆண்டுக்கு 120 மணியாக ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்றி, ஏழுநாள் சிறப்பு முகாமிலும் தங்குகிறான். கிணறு தூர்வாரவும், வீடுவீடாகச் சென்று கணக்கெடுக்கவும், ஊர்ப் பெரியவரிடம் பணிவாகப் பேசவும் கற்றவன் அவன். பட்டம் பெற்ற மறுநாள் அவனுக்கும் தொண்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகின்றது. அவன் சொந்த ஊரில் ஆளின்றித் தவிக்கும் சங்கம் ஒன்று உளது. அதன் காரியதரிசிக்கு அவனைத் தெரியாது, அவனுக்கும் அச்சங்கத்தைத் தெரியாது. ஆண்டுதோறும் இறுதித் தேர்வுக்குமுன், மாணவர் இசைவு பெற்று, அவர் பெயரையும் ஊரையும் அவர்க்குக் கைவந்த பணி இன்னதென்பதையும் அவ்வவ்வூர்ச் சங்கங்களுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பக் கல்லூரியார்க்கு ஒருநாள் வேலையும் சிறிது தபாற் செலவுமே ஆகும். பழைய மாணவர்களாகிய நீவிர் இவ்விதழைப் படிக்கும்பொழுது, உங்களிற் சிலர் அத்தகைய சங்கங்களின் காரியதரிசியராகவே இருப்பீர். கடிதத்திற்குக் காத்திராமல், உங்கள் ஊரிலிருந்து இங்கு வந்து படிப்பவர் யாரென்று கேட்டு நீங்களே எழுதலாம். பெயர்ப்பட்டியைப் பார்த்துச் சொல்ல இங்கு ஆள் உண்டு.