கண்ணையனின் கை

திருமுடிவாக்கத்தில் இருந்துகொண்டு முதல் படத்துக்குக் கதை எழுதும் தம்பிக்கு,

நீ அனுப்பிய கதைச்சுருக்கத்தோடு ஒரு கேள்வியும் வந்திருந்தது. தீபாவளி லீவில் வீட்டார் எல்லோரும் டிவி முன் உட்கார்ந்து ‘பாகப்பிரிவினை’ பார்த்து மறுபடியும் அழுதார்கள். உன்னோடு வேலை பார்க்கும் உதவி இயக்குநர்கள் அதை அழுகாச்சிப் படம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய். வீட்டார் அழுததில் தவறே இல்லை. அந்தக் கண்ணீரை அந்தப் படம் உழைத்துச் சம்பாதித்தது. உன் நண்பர்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது கடைசி ரீலில் இருக்கிறது.

முதலில் அந்த உழைப்பைப் பார். படம் வந்தது 1959 அக்டோபர் 31, தீபாவளிக்கு. அதே வருடம் மே மாதம்தான் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளியாகி, சிவாஜி கணேசனின் குரல் தமிழ்நாடு முழுக்க முழங்கியிருந்தது. ஐந்தே மாதம் கழித்து அதே மனிதர், மடங்கிய கையும் இழுத்து நடக்கும் காலுமாக, நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசத் தெரியாத கிராமத்துக் கண்ணையனாக வந்து நின்றார். கட்டபொம்மனைக் கைதட்டிக் கொண்டாடிய கூட்டம், தலை குனிந்து நிற்கும் இவனுக்காக அழுதது. ஒரு நட்சத்திரம் தன் பலத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு நடித்த படம் இது. இன்று எத்தனை பேர் செய்வார்கள், சொல்.

சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார். சின்ன வயதில் மின்சாரம் தாக்கி முடங்கிய அந்தக் கை, படம் நெடுக உடம்போடு ஒட்டியே இருக்கிறது. சோகக் காட்சிக்கு மட்டும் வந்து போகும் ஊனம் கிடையாது அது. அவன் சந்தோஷமாக இருக்கும்போதும் மடங்கித்தான் இருக்கிறது, பாட்டிலும் மடங்கித்தான் இருக்கிறது. தனக்குக் குழந்தை பிறந்த பிறகு, இப்படி ஒரு தகப்பனுக்கா வந்து பிறந்தாய் என்று அதனிடமே வேதனைப்பட்டு அவன் பாடும் பாட்டு இருக்கிறதே, கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியது, அதில் அழுகையைவிடக் கூச்சம் அதிகம். ஒரு அப்பா தன் பிள்ளையின் முன்னால் கூசி நிற்பதைத் தமிழ் சினிமா அதற்கு முன் இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்ததாகத் தோன்றவில்லை. பாட்டுகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பாடலாசிரியர்களில் ஒருவரான பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் படம் திரைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் முன்னால், அக்டோபர் 8 அன்று, 29 வயதில் காலமாகிவிட்டார்.

படம் வெள்ளிவிழா ஓடியது. தெலுங்குக்குப் போனது. 1965இல் இயக்குநர் ஏ. பீம்சிங்கே இந்தியில் ‘கான்தான்’ என்று எடுத்தார். கண்ணையன் வேடத்தைச் செய்த சுனில் தத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. இத்தனை மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் அழுதிருக்கிறார்கள் என்றால், அங்கே உண்மை ஏதோ இருக்கிறது.

இனி குறைக்கு வருவோம்.

கண்ணையனின் கூட்டுக் குடும்பம் ஏன் உடைகிறது? ஒரு பெரியம்மாவின் பொல்லாத நாக்காலும், சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் சிங்காரத்தாலும் என்கிறது படம். சி.கே. சரஸ்வதியும் எம்.ஆர். ராதாவும் அந்தப் பாத்திரங்களை அப்படி ஊதித் தள்ளிவிட்டதால் நமக்குக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. பழி முழுவதும் ஒரு பெண் தலையிலும் ஒரு வெளியாள் தலையிலும் விழுந்துவிட, வீட்டு ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லவர்களாகவே எஞ்சுகிறார்கள். டி.எஸ். பாலையாவும் எஸ்.வி. சுப்பையாவும் அந்த வீட்டின் மூத்தவர்களான அண்ணன் தம்பியை எவ்வளவு உருக்கமாகச் செய்திருந்தாலும், சொத்தைப் பிரித்துக்கொண்ட பொறுப்பு அவர்கள் கைக்கு வருவதே இல்லை. பண்டிகை நாளில் குடும்பத்தோடு பார்க்கிற யாருக்கும் இதில் உறுத்தல் இருக்காது. படத்தின் மிகப் பெரிய சலுகை இதுதான், ஒரு பலவீனமும் இதுதான்.

உன் ஊரையே எடுத்துக்கொள். சிட்கோ தொழிற்பேட்டை வந்தது, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பக்கத்தில் போனது, ஏரிப் பாசன நிலம் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்பட்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு முகூர்த்த நாளில் போய் உட்கார்ந்து பார். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வரும் குடும்பங்களில் சிங்காரம் யாரும் இருக்க மாட்டான். கூடப்பிறந்த அக்கா ஒருவர் இருப்பார். தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது; இருந்தும் தம்பிகளோடு உறவு விட்டுப்போகக் கூடாது என்பதற்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து யாரோடும் பேசாமல் ஆட்டோவில் ஏறுவார். கெட்டவர் யாருமே இல்லாத அந்தக் காட்சியில் கண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று யோசி.

அடுத்தது அந்தக் கை. உச்சக்காட்சியில் குழந்தையைக் காப்பாற்றப் போகும் கண்ணையன் மேல் மறுபடியும் மின்சாரம் பாய்கிறது, முடங்கியவை சரியாகிவிடுகின்றன. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, ஒரு கை முடங்கினாலும் இவன் முழு மனிதன் என்று நம்மை நம்பவைத்த படம், கடைசியில் தானே அதை நம்பாமல் போகிறது. அவன் மனைவி பொன்னி அவனை அப்படியேதானே கட்டிக்கொண்டாள்? சரோஜாதேவி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த கண்ணியத்தைக்கூட இந்த முடிவு குறைத்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் வேறு வழியில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ்தோறும் கொண்டாடப்படும் ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ இதற்கும் 13 வருடம் மூத்தது. 1946 டிசம்பரில் வந்து நஷ்டப்பட்ட படம் அது. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் டிவி நிலையங்கள் ஆண்டுதோறும் காசில்லாமல் போட்டுப் போட்டு அதை வீட்டுப் படமாக்கின. தேவதையே இறங்கி வரும் கதைதான், உருக்கத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் கதாநாயகன் ஜார்ஜுக்குச் சிறுவயதில் தம்பியைக் காப்பாற்றப் போய் செவிடான இடது காது, அவன் பிறக்கவே இல்லாத மாய உலகத்தில் மட்டும்தான் கேட்கிறது. அவன் பணத்தை அமுக்கிக்கொண்ட பணக்காரனுக்குத் தண்டனையும் கிடையாது. ஊரார் சில்லறையும் நோட்டுமாகக் கொண்டுவந்து கொட்டி அவனைக் காப்பாற்றுகிறார்கள். காப்ரா அற்புதத்தை அனுமதித்தார், இழப்பையும் இருக்க விட்டார். பீம்சிங் அந்த இழப்பைத் துடைத்துவிட்டார். இரண்டு படங்களுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். இது பெரிய தூரம்.

அதற்காகப் பீம்சிங்கைக் குறைத்து எடைபோட்டுவிடாதே. அதே மனிதர்தான் எழுபதுகளில் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் படமாக்கினார். அதில் நாயகி கங்காவுக்கு எந்த அதிசயமும் நடப்பதில்லை, யாரும் வந்து அவளை மீட்பதில்லை. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். தீர்க்க முடியாததைத் தீர்க்காமல் விடும் துணிச்சல் அவரிடம் இருந்தது. 1959இல் அதைக் கையில் எடுக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இப்போது உன் கதை. பவர் பிரஸ்ஸில் இரண்டு விரலை இழந்த தொழிலாளி, தீபாவளி போனஸ் தகராறு, வீட்டைப் பிரிக்கக் கேட்கும் தம்பி. நல்ல முடிச்சு. வாகன உதிரிபாகப் பட்டறைகள் இருக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இதை எழுத உரிமையும் இருக்கிறது. ஆனால் 62ஆம் பக்கத்தில் ஒரு பெரிய டாக்டர் இலவசமாக ஆபரேஷன் செய்ய, உன் நாயகன் மறுபடி அதே மெஷினில் நின்று சிரிக்கிறான். தம்பி, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. தீர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையான தீர்வு எப்படி இருக்கும் என்று விசாரி. ஈஎஸ்ஐ அட்டை உள்ளவனுக்கு விரல் போனால் மெடிக்கல் போர்டு உட்கார்ந்து, சம்பாதிக்கும் திறனில் இத்தனை சதவீதம் இழப்பு என்று எழுதுகிறது. அதன் கணக்கில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வருகிறது. அட்டை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி இதே விரலோடு என்ன செய்கிறான்? மெஷினில் வேகத்துக்காக சென்சாரைக் கழற்றி வைக்கச் சொன்னது யார்? இந்தக் கேள்விகளுக்குள் உன் இரண்டாம் பாதி முழுவதும் இருக்கிறது. உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில், திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் முறை அவர்களுடைய உண்மையான வாழ்க்கையோடு பொருந்த வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்திருக்கிறது. நீ எழுதப்போவது அந்தத் தீர்ப்புக்குப் பிந்தைய படம்.

ஆளை அழவைக்கப் பயப்படாதே. குடும்பம் முழுவதும் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்து பார்க்கிற படத்தை எடுப்பது சின்ன வேலை இல்லை. அந்த ஆசையை நண்பர்கள் கேலி செய்தால் விட்டுக்கொடுக்காதே. ‘பாகப்பிரிவினை’ தன் புகழுக்குத் தகுதியான படம்தான், கடைசி ரீல் தவிர. அடுத்த வாரம் கே.கே. நகர் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு ஒருநாள் போ. வரிசையில் நிற்பவர்களோடு டீ குடி, அவர்கள் கையைக் காட்டிப் பேசுவதைக் கேள். அதன் பிறகு எழுதும் முடிவை அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறோம்.