படமும் பொருளும்

வாணிகம் என்பது கொள்வோன், கொடுப்போன் என்னும் இருவரிடையே நிகழ்வது. பண்டு இவ்விருவரும் கடைத்தெருவிலே நேருக்கு நேர் நின்றனர். கொள்வோன் தானியத்தைப் பல்லிற் கடித்துப் பார்த்தான். மிளகை முகர்ந்து பார்த்தான். துணியை விரலாற் கசக்கிப் பார்த்தான். அதன் பின்னரே காசை எண்ணி வைத்தான். இன்று இணையவழி வாணிகம் பெருகிவிட்டது. பதுளையில் இருப்பவர் விற்பதைக் கொழும்பில் இருப்பவரும் இலண்டனில் இருப்பவரும் வாங்குகின்றனர். தொடுதலும் முகர்தலும் சுவைத்தலும் அங்கு இல்லை. கண் ஒன்றே எஞ்சியுள்ளது. அக்கண்ணின் முன் வைக்கப்படுவது ஒரு படம். ஐம்புலன்களும் கூடிச் செய்த வேலையை ஒரு படம் தனித்து நின்று செய்ய வேண்டிய காலம் இது.

அத்தகைய படங்களை இயற்றித் தருவதற்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துள்ளன. எம் கல்லூரியின் பழைய மாணாக்கருட் பலர் வாணிகத் துறையில் உள்ளனர். இன்று பயிலும் மாணாக்கரும் தம் வீட்டார் செய்யும் சிறு தொழில்களுக்குக் கைத்தொலைபேசி வாயிலாகத் துணை புரிகின்றனர். இவ்விரு சாரார்க்கும் பயன்படுமாறு இக்கருவிகளின் இயல்பையும், அவற்றைக் கையாளும் முறையையும், அவற்றுக்கு இட வேண்டிய எல்லையையும் இம்மலரிலே சுருக்கமாக ஆராய்வோம். யாம் தமிழாசிரியர், கணினி எம் துறையன்று. ஆயினும் எம் வகுப்பறையிலேயே நிகழ்ந்த ஒன்று இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று.

நிகழ்ந்த கதை

எல்லவை அடுத்த தோட்டம் ஒன்றில் வாழும் அன்னையார் ஒருவர் பகலிற் கொழுந்து பறிப்பவர். மாலையில் துணிப்பைகளைத் தைத்து அவற்றிற் பூவேலை செய்பவர். அவர் மைந்தன் எம் வகுப்பு மாணாக்கன். லயத்து வாசலிலே, புகை படிந்த சுவரின்மேல் ஒரு பையை மாட்டி அவன் படம் எடுத்தான். அப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கொடுத்து, “இதனை அழகாக்கித் தருக” என்றான். நொடிப்பொழுதில் வேறொரு படம் வந்தது. மெருகிட்ட மேசையின்மேல் அப்பை அமர்ந்திருந்தது. பின்னால் மஞ்சு தவழும் மலை. மலையிடையே ஒன்பது வளைவுப் பாலம். கண்டோர் அனைவரும் வியந்தனர். வகுப்பிலே அதனைக் காட்டிப் புகழ்ந்தோருள் யாமும் ஒருவர்.

பைகள் விரைந்து விற்றன. பின்னர் ஒரு பொதி திரும்பி வந்தது. படத்திலுள்ள பூவுக்கு ஏழு இதழ்கள். பையிலுள்ள பூவுக்கோ ஐந்து. படத்திலே தையல் எந்திரத்தால் இழுத்தது போல் நேராக ஓடிற்று. பையிலே கைத்தையல் சற்றே வளைந்திருந்தது. “நான் கேட்டது இப்பையன்று” என்று வாங்கியவர் எழுதியிருந்தார். அவர் கூற்றிற் பிழையில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு அஞ்சற் கூலியும் அவ்வன்னையார்மேலேயே விழுந்தது. அதற்கு முன் மைந்தன் அப்படத்தைத் தாய்க்குக் காட்டவேயில்லை. அன்றுதான் காட்டினான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது நான் தச்ச பை இல்லையே, தம்பி” என்றாராம்.

அதன் பின்னரே யாம் அப்படத்திலிருந்த பாலத்தின் வளைவுகளை எண்ணினோம். பதினொன்று இருந்தன. 1921ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்று, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நாள்தோறும் நம் கண்முன் நிற்கும் பாலம் அது. அதன் பெயரே அதன் கணக்கு. இருந்தும் எம்மில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அழகு நம்மை எண்ணவிடாது தடுத்துவிட்டது.

கருவி இயங்கும் முறை

இங்கே பொய்யுரைத்தவர் யார்? தாயும் அல்லர், மைந்தனும் அல்லன். கருவியும் பொய்யுரைக்கும் எண்ணம் உடையதன்று. அதற்கு எண்ணம் என்பதே இல்லை. அஃது இயங்கும் முறையை அறிந்தால் இப்பிழை நேர்ந்த காரணம் விளங்கும்.

இக்கருவிகள் இருவகைப்படும். ஒருவகை, படத்திலுள்ள பொருளையும் அதன் பின்னணியையும் வேறு பிரித்து, பின்னணியை மட்டும் நீக்கித் தருவது. 2018ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கருவிகள் எளிதிற் கிடைக்கலாயின. மற்றொரு வகை, நாம் எழுதும் சொற்களைக் கொண்டு புதிய படத்தையே இயற்றித் தருவது. 2022ஆம் ஆண்டில் இவ்வகை பொதுமக்கள் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கூகுள், அமேசான் முதலிய பெருநிறுவனங்கள் வணிகர்க்கெனத் தனியே இவ்வசதியை அமைத்துக் கொடுத்தன.

இரண்டாம் வகையே நாம் கவனித்தற்குரியது. கோடிக்கணக்கான படங்களும் அவற்றை விளக்கும் சொற்களும் அதற்குப் பாடமாக ஊட்டப்படுகின்றன. ஒரு தெளிவான படத்தின்மேல் சிறு புள்ளிகளைத் தூவித் தூவி, உருவமே தெரியாதபடி அதனை மறைத்து, மறைந்ததை மீட்கும் வித்தையைக் கருவிக்குப் பயிற்றுகின்றனர். பயிற்சி முடிந்தபின், வெறும் புள்ளிக் குவியலைக் கொடுத்து, “இதில் ஒரு பை உளது, மீட்டுத் தருக” என்பது போலச் சொற்களால் வழிகாட்டுகின்றனர். கருவியோ இதுகாறும் இல்லாத ஒரு பையை அக்குவியலிலிருந்து மீட்டுத் தருகிறது. தான் கண்ட படங்களிற் பெரும்பாலானவை எவ்வாறு இருந்தனவோ, அதற்கு நெருங்கிய ஒன்றையே அது வரையும். கைத்தையலைவிட எந்திரத் தையலையே அது மிகுதியாகக் கண்டிருத்தல் கூடும். ஆகவே வளைந்த நூலைப் பிழையென நீக்கி நேராக்கிவிடுகிறது. அன்னையாரின் கைவண்ணம் எதுவோ, அதுவே அதன் பார்வையில் திருத்தத்தக்க குறையாயிற்று.

மாற்றத்தக்கதும் மாற்றலாகாததும்

அவ்வாறாயின் இக்கருவிகளை அறவே விலக்கல் வேண்டுமோ எனின், வேண்டா. நகரத்துப் பெருவணிகர் நிழற்படக் கலைஞரை அமர்த்தி, விளக்கும் மேடையும் அமைத்துப் படம் எடுக்கின்றனர். அவ்வசதியற்ற லயத்துத் தாய்க்கு இக்கருவி ஏறத்தாழச் செலவின்றி அதே மேடையை அமைத்துத் தருகிறது. அதனை மறுப்பது அறிவுடைமையாகாது. எல்லை எது என்பதே வினா.

இவ்விடத்தே தமிழ் இலக்கணம் நமக்கு ஓர் உவமை தருகிறது. அகத்திணைப் பாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துப் பூவும் புள்ளும் மாவும் மரமும் கருப்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் எனத் தொல்காப்பியர் இசைவு தந்தார். உரிப்பொருளுக்கோ அவ்விசைவு இல்லை. விற்பனைப் படத்துக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஒளி, பொழுது, மேசை, பின்னணி ஆகியன முதலும் கருவும் போல்வன, வேண்டியவாறு மாறலாம். விற்கப்படும் பண்டமே அப்படத்தின் உரிப்பொருள். அதன் நிறமும் அளவும் வடிவும் தையலும் எண்ணிக்கையும் மயங்கலாகா. கொள்வோன் பணம் கொடுப்பது மேசைக்கன்று, பைக்கே.

தேயிலை ஓர் எடுத்துக்காட்டு

ஊவாவின் பெயரை உலகறியச் செய்த தேயிலையைக் கொண்டு இதனை மேலும் தெளிவோம். ஓ.பி. எனப்படும் தரம் நீண்டு முறுகிய இலை, பி.ஓ.பி. என்பது உடைந்த சிறு இலை; டஸ்ட் அதனினும் நுண்ணிய துகள். ‘தேயிலை’ என்று மட்டும் கேட்டால், கருவி பெரும்பாலும் நீண்டு சுருண்ட இலையையோ, பச்சைக் கொழுந்தையோ வரையக் காண்கிறோம். பி.ஓ.பி. பொதியின்மேல் அப்படத்தை இட்டால், பிரித்துப் பார்ப்பவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே கருதுவர். ஆடி, ஆவணித் திங்களை அடக்கிய யூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலத்தில் விளையும் ஊவாத் தேயிலையின் தனி மணத்தை எப்படமும் காட்டவியலாது. மணத்தைக் காட்டவியலாத படம் இலையையேனும் உள்ளவாறு காட்டல் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமும் அத்தகையதே. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பகுதியின் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமசு லிப்ரன், கூடை சுமந்த நம் பெண்டிரின் உருவத்தைத் தம் விளம்பரங்களிற் பரப்பினார். அன்று முதல் இன்று வரை, முகம் மலர்ந்து மாசற்ற சேலையுடுத்து நிற்கும் அப்பெண்ணையே உலகம் கண்டுவருகிறது. மழையும் அட்டையும் இடுப்பிற் கட்டிய படங்கும் அவ்வோவியங்களில் அரிது. இத்தகைய பழம்படங்களைக் கற்ற கருவி அதே பெண்ணைப் புதிதாக வரைந்து தருமேயன்றி, நம் தாயரை வரைந்து தராது. மலைநாட்டுப் பண்டத்தை மலைநாட்டாரே விற்கும்போது, இல்லாத பெண் ஒருத்தியின் புன்முறுவலை இரவல் வாங்குவது நமக்குத் தகுமா? உண்மையான ஒருவரின் படத்தை இடுவதாயின், முன்னரே அவர்தம் இசைவைக் கேட்டுப் பெறுதல் கடமை.

சட்டமும் சின்னமும்

இஃது அறத்தின்பாற்பட்டது மட்டுமன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் மக்களைத் தவறான வழியிற் செலுத்தும் நடத்தையையும் பொருள் பற்றிய பொய்யான எடுத்துரைப்பையும் தடை செய்கிறது. இலங்கைத் தேயிலைச் சபைக்குரிய சிங்கச் சின்னம், முழுவதும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாய் உள்ள பண்டத்துக்கே உரியது. கருவி தானாகவே அச்சின்னத்தைப் போன்ற ஒன்றைப் பொதியின்மேல் வரைந்துவிடுதல் கூடும். உரிமம் இல்லாதார் அதனை அவ்வாறே வெளியிடின் குற்றத்துக்கு ஆளாவர். பெரிய விற்பனைத் தளங்களும் தமக்கென விதிகள் வகுத்துள்ளன. அமேசான் தளத்தில் முதற்படத்தின் பின்னணி தூய வெண்மையாகவும், பண்டம் படத்தில் நூற்றுக்கு 85 பங்கை நிரப்புவதாகவும் இருத்தல் வேண்டும். கூகுளின் வணிகர் தளத்தில், செயற்கை நுண்ணறிவால் இயற்றப்பெற்ற படத்தினுள் அதனை உணர்த்தும் குறிப்பை நீக்கலாகாது.

செய்முறை

இனி, மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க முறையைப் படிப்படியாகக் கூறுவோம்.

முதலாவது, நல்ல படம் ஒன்றை நீங்களே எடுங்கள். காலை ஒளியில், வெயில் நேரே விழாத வாசலில், வெள்ளைத் தாளின்மேல் பண்டத்தை வையுங்கள். வெண்மை அருகில் இருப்பின் நிறம் மாறினால் உடனே தெரியும்.

இரண்டாவது, பின்னணியை மட்டும் நீக்கும் கருவியையே முதலிற் கையாளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

மூன்றாவது, புதிய பின்னணி வேண்டுமாயின் கட்டளையைத் திட்பமாக எழுதுங்கள். ‘அழகாக்குக’ என்னும் சொல் கருவிக்கு எல்லையற்ற உரிமையைக் கொடுத்துவிடும். “சாம்பல் நிறக் கல்லின்மேல் பை இருக்க வேண்டும், ஒளி இடப்பக்கத்திலிருந்து விழ வேண்டும், பையின் நிறம், வடிவு, தையல், பூக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றலாகாது” என எழுதுக. அடைமொழியைத் தேர்ந்து எழுதும் பயிற்சி கட்டுரைப் பாடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே காண்பீர்கள்.

நான்காவது, பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு படத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணத்தக்கவற்றை எண்ணுங்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கருவிகள் எழுத்தைச் சிதைப்பதுண்டு, அதிலும் தமிழெழுத்தை.

ஐந்தாவது, கருவி தொடாத படம் ஒன்றையும், அளவு விளங்க அடிமட்டம் வைத்து எடுத்த படம் ஒன்றையும் உடன் இடுங்கள். “பின்னணி கணினியால் அமைக்கப்பட்டது, பை கையாற் செய்யப்பட்டது” என ஒரு வரி எழுதுங்கள்.

ஆறாவது, அப்பண்டத்தைச் செய்தவருக்கு முதலிற் படத்தைக் காட்டுங்கள். ‘இஃது என்னுடையது’ என்று அவர் சொன்ன பின்னரே வெளியிடுங்கள்.

முடிவுரை

எம் மாணாக்கன் இம்முறைப்படி மீண்டும் படம் எடுத்தான். பின்னணி வெறும் வெண்மை. அருகிலே, வளைந்தோடும் தையலைத் தெளிவாகக் காட்டும் மற்றொரு படம். பைகள் முன்போல் விரைந்து விற்கவில்லை, மெல்லவே விற்கின்றன. ஆயின் இதுவரை ஒன்றும் திரும்பி வந்ததில்லை. பழைய படத்தை அவன் அழித்துவிட முனைந்தான், யாம் தடுத்தோம். வகுப்பிலே ஆண்டுதோறும் அதனைக் காட்டி, “பாலத்தின் வளைவுகளை எண்ணுங்கள்” என்று கேட்கவிருக்கிறோம்.

கருவிகள் இன்னும் திருந்தும். நாளை வரும் கருவி ஒன்பது வளைவுகளையே சரியாக வரையவும் கூடும். அப்போது பிழையைக் காட்டிக்கொடுக்கப் பதினொன்றாம் வளைவு இராது. விற்பவரின் நாணயம் ஒன்றே காவலாக நிற்கும். அந்நாணயத்தை மாணாக்கர்க்கு ஊட்டுவது எம் போன்ற ஆசிரியர் கடன். அதனைத் தம் தொழிலில் நடந்து காட்டுவது பழைய மாணாக்கர் கடன். இவ்விரு கடனும் வழுவாது நிறைவேற இறையருள் துணை நிற்பதாக. விழாக் காணும் எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.