‘முதல்ல லெவலுக்கு வரட்டும்!’

சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில வள மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. போதாததற்குத் தெருவுக்கு ஒரு தெரபி சென்டர். இத்தனைக்கும் நடுவே சிறப்பாசிரியராக வேலை பார்க்கிற எனக்கு வதந்திகளுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானவற்றைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் முடியவில்லை. தெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் கேட்கிறேன், பள்ளிக்கூட மீட்டிங்கில் கேட்கிறேன், சிவன் பூங்காவில் நடக்கப்போனால் அங்கேயும் யாராவது ஒரு பாட்டி நிறுத்திச் சொல்கிறார்.

நம்பிக்கை: “முதல்ல படிப்பு லெவலுக்கு வரட்டும் மேடம். பாட்டு, டிராயிங், கராத்தே எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இப்பவே சேர்த்தா புள்ளைக்கு மூளை குழம்பிடும்.”

உண்மை: குழம்பாது. யார் சொன்னார்கள் என்று கேட்டால் “டாக்டரே சொன்னாராம்” என்பார்கள். எந்த டாக்டர்? ஓரகத்தியின் அண்ணன் பிள்ளையைப் பார்த்த டாக்டர். அந்த மகானை இதுவரை ஒருவரும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதில்லை.

இந்த வதந்தி ஒரு குழந்தையின் நாளை என்ன செய்கிறது என்று பாருங்கள். நாலாவது படிக்கிற, எழுத்துக் கூட்டுவதற்கே திணறுகிற ஒரு பையன். வகுப்பில் வாசிப்பு, அதில் திணறல். பி.டி. பீரியடு வந்ததும் மற்றவர்கள் மைதானத்துக்கு ஓட, இவனை மட்டும் தனியறைக்குக் கூட்டிப்போய் மறுபடி வாசிப்பு. ஓவிய வகுப்பிலும் அதே கதை. சாயங்காலம் டியூஷன், சனிக்கிழமை தெரபி. தனக்கு எது வராதோ அதை மட்டுமே காலையிலிருந்து ராத்திரி வரை செய்துகொண்டிருக்கிறான். பெரியவர்களான நம்மை இப்படி ஒரு வாரம் நடத்தினால் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். அவன் போக முடியாது. பென்சிலை உடைக்கிறான், பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்கிறான். உடனே நோட்டில் ‘பிஹேவியர் பிராப்ளம்’ என்று எழுதி அனுப்புகிறார்கள்.

அப்புறம் அந்த ‘லெவல்’. பல குழந்தைகளுக்குக் கற்றல் குறைபாடு வாழ்நாள் முழுக்கக் கூட வரும். பயிற்சியால் வாசிப்பு மேம்படும், சமாளிக்கக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் எல்லாரையும் போல ஆன பிறகுதான் பாட்டு என்றால், அந்தப் பாட்டு வகுப்பு ஒருநாளும் வராது. தள்ளிவைக்கிறோம் என்ற பெயரில் ரத்து செய்கிறோம்.

படிப்பு வேறு, பாட்டு வேறு என்று யார் பிரித்தது? தகதிமி என்று நாலு தட்டு, தகிட என்று மூன்று தட்டு. ஒரு சொல்லை ஒலித்துண்டுகளாக உடைத்துக் கேட்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல கருவி என் அலமாரியில் இல்லை. பல்லாங்குழியில் கை எண்ணிக்கொண்டே போகிறது. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பிள்ளைக்கு இட உணர்வும் விரல் கட்டுப்பாடும் சேர்ந்தே பழகுகின்றன. இதையே பிளாஸ்டிக் மணி கோக்கும் பயிற்சியாக மாற்றி, மணிக்கு இவ்வளவு என்று பில் போட்டால் மட்டும் ‘சிகிச்சை’ என்று நம்புகிறோம்.

இத்தாலியில் வாசிப்புக் குறைபாடுள்ள 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இசையும் இன்னொன்றுக்கு ஓவியமும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது: இசைப் பிரிவினர் வாசிப்பிலும் ஒலிப் பகுப்பிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் மூளை குழம்பியதாக அதில் எங்கும் இல்லை.

உடனே “அப்படின்னா வாசிப்புக்காக மிருதங்கம் சேர்த்துடலாமா?” என்று கிளம்பாதீர்கள். அதுவும் இன்னொரு தெரபியாகிவிடும். மார்க் ஏறாவிட்டாலும் பாடட்டும். பக்கத்து வீட்டுப் பெண் பாட்டுக்குப் போகும்போது அவளிடம் யாராவது ரிப்போர்ட் கார்டு கேட்கிறோமா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 16-ம் பிரிவைப் படியுங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியோடு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. ‘லெவலுக்கு வந்த பின்’ என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அடுத்த மீட்டிங்குக்கு அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். ரெமெடியல் வகுப்பு எந்தப் பீரியடில் விழுகிறது என்று பாருங்கள். பி.டி., ஓவியம், நூலகம் இந்த மூன்றிலும் விழக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்த வதந்திக்கு உறவுக்கார வதந்திகளும் உண்டு. சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: படம் தொட்டுப் பேசும் பலகையோ ஆப்போ கொடுத்தால் பேச்சே வராது.

உண்மை: இப்படிப்பட்ட மாற்று வழிகளைப் பற்றி 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், நம்பத்தகுந்த சான்று உள்ள 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கூடியது. அப்படிப்பட்ட ‘ஆவாஸ்’ ஆப் உருவானதே நம் சென்னையில், கோட்டூர்புரம் வித்யா சாகர் பள்ளியின் துணையோடு. ஊஞ்சலா, வண்ணமா, பாட்டா என்று தேர்ந்தெடுக்க வழியே கொடுக்காமல், “இவனுக்கு எதிலயும் இன்ட்ரஸ்ட் இல்லை” என்று சொல்வது அநியாயம்.

நம்பிக்கை: விளையாட விட்டால் அடிபடும்.

உண்மை: எல்லாக் குழந்தைக்கும்தான் அடிபடும். வலிப்பு இருந்தால் நீச்சலுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள், குளத்தில் பிரத்தியேகமாக ஒருவர் கூட இருக்கட்டும்; அதோடு சரி. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் மட்டும் துளசிமதி, மனீஷா, நித்யஸ்ரீ என்று மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் பதக்கம் வாங்கினார்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் பள்ளி பெயர் அனுப்பியதா?

நம்பிக்கை: ஓவியத்துக்கு மார்க் கிடையாது.

உண்மை: தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கே ஓவியம் ஒரு பாடம். அடுத்தது.

நம்பிக்கை: இவர்களைக் கச்சேரிக்கெல்லாம் கூட்டிப்போக முடியாது, சத்தம் போடுவார்கள்.

உண்மை: கூட்டிப்போகும்படி கச்சேரிகளை நாம் வைக்கவில்லை. நியூயார்க்கின் பிராட்வேயில் 2011-லேயே ‘லயன் கிங்’ நாடகத்தின் ஒரு காட்சியை ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ஒலியையும் ஒளியையும் தணித்து நடத்தினார்கள். எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம். நம் மார்கழியில் தி. நகரிலும் மயிலாப்பூரிலும் எத்தனை சபாக்கள்! பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. பாதி நாற்காலி காலி. ஒவ்வொரு சபாவும் சீசனுக்கு ஒரே ஒரு பகல் கச்சேரியை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கட்டும். மைக்கின் ஒலி குறைவாக, அரங்க விளக்கை அணைக்காமல், வாசலை ஒட்டி இரண்டு வரிசை, சக்கர நாற்காலிக்கு ஒரு ஓரம். ஒரு மணி நேரம் போதும். ராகம் தானம் பல்லவி எல்லாம் வேண்டாம். வித்வானுக்கு இடைஞ்சல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற ரசிகர்களையே சகித்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.